வெள்ளைக் கோட்டின் முன் நிற்க வேண்டியவர்

சாலையின் குறுக்கே இடப்படும் ஜீப்ரா கோடு, வாகனம் ஓட்டுபவருக்குத் தரப்பட்ட உத்தரவு. சிக்னலோ காவலரோ இல்லாத கடக்குமிடத்தை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, வண்டியை நிறுத்தி, நடந்து கடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அதற்கு முன் நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள், வேகத்தைக் குறைத்து, யாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே கடக்குமிடத்துக்குள் நுழைய வேண்டும் என்றன. புதிய விதியில் நிறுத்துவதும் வழிவிடுவதும் வெளிப்படையாகவே எழுதப்பட்டன. முன்னால் போக்குவரத்து தேங்கியிருக்கும்போது, கோட்டின் மேல் போய் நிற்க நேரும் என்று தெரிந்தால் வண்டியை நகர்த்தக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆக, கடக்குமிடத்தில் முன்னுரிமை யாருக்கு என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லாத விடை இருக்கிறது.

தெருவில் வழங்கும் விடை வேறு. சென்னையில் சாலையைக் கடக்கும்போது ஒரு முறையாவது "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்ற அதட்டலைக் கேட்காதவர் குறைவு. அதைவிடக் கடுமையான சொல் "சாவுகிராக்கி". இந்த வசவுகளின் பொருளைக் கூர்ந்து பார்த்தால், அடிபடப் போகிறவர் சாவைத் தானே தேடி வந்தவர், வண்டி வெறும் கருவி, ஓட்டுபவருக்கு இதில் பங்கில்லை என்று ஒரு முழுத் தீர்ப்பே அவற்றுக்குள் இருக்கிறது. இதே தீர்ப்பு நாகரிகமான சொற்களில் சாலைப் பாதுகாப்பு வார மேடைகளிலும், படித்தவர்களின் உரையாடலிலும், விபத்துச் செய்திகளின் கீழும் ஒலிக்கிறது. நடப்பவர்கள் விதியை மதிப்பதில்லை, கண்ட இடத்தில் குறுக்கே பாய்கிறார்கள், சாலை வாகனங்களுக்காகப் போடப்பட்டது, தவறு இரு பக்கமும் உண்டு, நம் மக்களுக்கு ஒழுங்கு வராது, ஆகவே மேம்பாலம் கட்டி அவர்களை மேலே ஏற்றிவிடுவதே வழி. இந்தக் கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருப்பதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு துண்டிலும் சிறிதளவு உண்மை இருப்பதுதான். துண்டுகளைச் சேர்த்தால் கிடைக்கும் முடிவு மட்டும் முற்றிலும் பிழையானது. அதற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உயிர்கள் விலையாகின்றன.

சாலை வாகனத்துக்கானது என்ற எண்ணம் தொன்றுதொட்டு வருவதுபோலத் தோன்றினாலும் அதன் வயது ஏறக்குறைய நூறு ஆண்டுதான். தமிழ்நாட்டின் பழைய ஊர்களில் தெரு என்பது நடப்பதற்கும் நிற்பதற்கும் விற்பதற்கும் சாமி வருவதற்குமான இடமாக இருந்தது. மயிலாப்பூரின் மாட வீதிகளும், மதுரையின் சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளும் அந்தக் கணக்கில் அமைந்தவை. அந்த வீதிகளில் ஓடிய மிகப் பெரிய வாகனம் தேர். அது இழுப்பவர்களின் நடை வேகத்தில்தான் நகர்ந்தது. தேருக்காக ஊர் ஒதுங்கி நின்றது உண்மை. ஆனால் தேர் ஊருக்காக நிற்கவும் செய்தது, அதை நிறுத்துவதற்கென்றே சக்கரத்தின் அருகில் கட்டையோடு ஆட்கள் நடந்தார்கள்.

வேகமாக ஓடும் வண்டிக்கே தெரு உரியது என்ற மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை அமெரிக்க நகரங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1910களிலும் 1920களின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தெருக்களில் கார்களால் அடிபட்டு இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். அன்றைய செய்தித்தாள்களும் நீதிமன்றங்களும் பழியைப் பெரும்பாலும் ஓட்டியவர் மேலேயே வைத்தன. தெரு எல்லோருக்கும் பொது, ஆபத்தான பொருளைக் கொண்டுவந்தவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அன்றைய பொதுப் புத்தி. 1923இல் சின்சினாட்டி நகரில், கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல், அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்கு மேல், ஓட முடியாதபடி இயந்திரக் கட்டுப்பாடு பொருத்த வேண்டும் என்ற கோரிக்கையில் 42,000 பேர் கையெழுத்திட்டனர். வாக்கெடுப்பில் அது தோற்றது. தோற்கடிக்க உழைத்தவர்கள் கார் விற்பனையாளர்களும் மோட்டார் சங்கங்களும். இத்தனை பேர் கையெழுத்திட்ட அதிர்ச்சிக்குப் பிறகு அவர்கள் விவாதத்தின் திசையையே திருப்பினார்கள்.

திருப்புவதற்குப் பயன்பட்ட சொல் 'ஜேவாக்கர்'. 'ஜே' என்றால் அன்றைய அமெரிக்கப் பேச்சு வழக்கில் பட்டிக்காட்டான் என்று பொருள். நகரத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்ற ஏளனம் நடப்பவர்கள் மேல் சுமத்தப்பட்டது. சாரணச் சிறுவர்களைத் தெருவில் நிறுத்தி, குறுக்கே நடப்பவர்களிடம் எச்சரிக்கை அட்டைகள் கொடுக்க வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1925இல் கொண்டுவந்த போக்குவரத்துச் சட்டம் நடப்பவர்களைக் கடக்குமிடங்களுக்குள் அடைத்தது. அது மற்ற நகரங்களுக்கும் முன்மாதிரியானது. ஒரு தலைமுறைக்குள், தெருவில் நடப்பது குற்றமாகவும் தெருவில் விரைவது இயல்பாகவும் மாறிப்போயிற்று. சென்னைத் தெருவின் 'சாவுகிராக்கி'யும் அமெரிக்கத் தெருவின் 'ஜேவாக்க'ரும் ஒரே வேலையைச் செய்யும் சொற்கள். ஆபத்தை உண்டாக்குபவரிடமிருந்து ஆபத்துக்கு ஆளாகிறவரிடம் பழியை நகர்த்துவதே அந்த வேலை. அந்தச் சட்டங்களைப் பெற்றெடுத்த நாடே இன்று அவற்றைக் கைவிடத் தொடங்கியிருக்கிறது. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல், உடனடி ஆபத்து இல்லாதபோது சாலையைக் குறுக்கே கடப்பவருக்கு அபராதம் விதிப்பதில்லை. நியூயார்க் நகரம் 2024இல் அதைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1934இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, கடக்குமிடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிறக் கோளத்தைப் பொருத்தச் செய்தார். அவர் பெயராலேயே அவை 'பெலிஷா பீக்கன்' என்று அழைக்கப்படுகின்றன. மறு ஆண்டு, குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வேக வரம்பும் வந்தது. கோளங்கள் மட்டும் போதவில்லை, ஓட்டுநர் கண்ணுக்குக் கடக்குமிடம் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்பதால் பல நிறங்களையும் வடிவங்களையும் சோதித்துப் பார்த்து, 1951இல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை நாடெங்கும் கொண்டுவந்தார்கள். பட்டைகள் வந்த காரணம் இங்கே கவனிக்கத்தக்கது. நடப்பவருக்கு அவர் எங்கே கடக்க வேண்டும் என்று காட்டுவதைவிட, ஓட்டுபவருக்கு அவர் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதுதான் நோக்கமாக இருந்தது. மோட்டார்வே போன்ற விரைவுச் சாலைகள் நீங்கலாக, இங்கிலாந்தில் இன்றும் சாலையை எந்த இடத்தில் கடந்தாலும் குற்றமில்லை. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சாலை நெறிமுறை, ஜீப்ரா கோட்டில் கால் வைத்தவருக்கு மட்டுமல்லாமல் கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிடச் சொல்கிறது. அதிகத் தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்பதை அது அடிப்படைக் கோட்பாடாகவே எழுதிவைத்திருக்கிறது.

சாலை வரி கட்டுபவருக்கே சாலையில் உரிமை என்ற வாதம் இன்னும் மெலிந்தது. தமிழ்நாட்டில் வாகன வரி மாநில அரசின் பொது வருவாயில் சேர்கிறது. அதைக் கட்டியவருக்குச் சாலையின் எந்தப் பகுதியும் சொந்தமாவதில்லை. ஊருக்குள் உள்ள தெருக்களை அமைப்பதும் பராமரிப்பதும் பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்துகள். அவற்றின் பணம் சொத்து வரியிலிருந்தும் அரசு மானியங்களிலிருந்தும் வருகிறது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு பேருந்தில் வேலைக்குப் போகிறவரும் அதில் தன் பங்கைச் செலுத்துகிறார்.

அடுத்து, நடப்பவர்கள் விதியை மீறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. மீறுகிறார்கள் என்பது உண்மை. செல்போனில் கண்ணை வைத்துக்கொண்டு இறங்குபவரும், நின்ற பேருந்துக்கு முன்புறமாகச் சட்டென்று ஓடுபவரும், சிக்னல் மாறுவதற்குள் பாய்பவரும் உண்டு. அவர்களை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் விதிப்படி கடக்க நினைப்பவருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்த பிறகே அந்தக் குற்றச்சாட்டை எடைபோட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு முக்கியச் சாலையில், சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டின் ஓரத்தில் ஒரு மூதாட்டி நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். கோடு பாதி அழிந்திருக்கிறது. நடைபாதை முடியும் இடத்தில் ஒரு மின்பெட்டி. அதைச் சுற்றி அவர் சாலையில் இறங்கியே நிற்க வேண்டும். வண்டிகள் வேகத்தைக் குறைப்பதில்லை. அவர் ஓரடி எடுத்து வைத்தால், வரும் கார் ஹெட்லைட்டை இரண்டு முறை அடிக்கிறது. பிரிட்டனில் பல ஓட்டுநர்கள் 'நீங்கள் போங்கள்' என்று சொல்வதற்கு அதே விளக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கே அதன் பொருள் 'நான் நிற்கப் போவதில்லை' என்பது. அவர் பின்வாங்குகிறார். இன்னும் நான்கைந்து பேர் சேரும் வரை காத்திருக்கிறார், ஏனென்றால் ஒருவருக்கு நிற்காத வண்டி கும்பலுக்கு நிற்கும். பிறகு யாரோ ஒருவர் உள்ளங்கையை வண்டிகளை நோக்கி நீட்டியபடி இறங்க, மற்றவர்கள் அவரை ஒட்டிக் கடக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் நாள்தோறும் காணக்கிடைக்கும் காட்சி இது. நீட்டிய அந்தக் கைக்குச் சட்டத்தின் முழு ஆதரவும் இருக்கிறது. ஆனாலும் அது கெஞ்சும் கையாகவே நீள்கிறது.

கோட்டில் நின்றாலும் வண்டி நிற்காது, கோட்டுக்கு வெளியே நின்றாலும் நிற்காது என்ற நிலையில், இருநூறு மீட்டர் நடந்து கோட்டுக்குப் போய்த்தான் கடக்க வேண்டும் என்று ஒருவரிடம் எதிர்பார்ப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. அவர் போய்ச் சேரும் இடத்தில் பாதுகாப்பு கூடினால்தான் அந்த நடைக்குப் பொருள் உண்டு. கண்ட இடத்தில் கடக்கும் வழக்கத்தின் பெரும்பகுதி இப்படி உருவாவதுதான். பேருந்து நிறுத்தம் ஓரிடத்தில், கடக்குமிடம் வேறிடத்தில். பள்ளி வாசலுக்கு எதிரே சென்டர் மீடியனில் வேலி. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை போன்ற அகலமான சாலைகளில் வண்டிகள் திரும்புவதற்கு எங்கே வசதி வேண்டும் என்பதுதான் முதலில் கணக்கிடப்படுகிறது. எதிரே உள்ள கடைக்கோ அலுவலகத்துக்கோ நடந்து போகிறவர் எங்கே கடப்பார் என்பது பிறகு வரும் சிந்தனை. வேலியின் இரண்டு கம்பிகள் வளைந்திருக்கும் இடம், மக்கள் எங்கே கடக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பொறியாளருக்குச் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த நகரம் அங்கே கடக்குமிடத்தை அமைக்கும்.

சிக்னல் உள்ள இடங்களிலும் நிலைமை பெரிதும் வேறில்லை. நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்தே பொதுவாகப் பச்சை நேரம் கணக்கிடப்படுகிறது. 24 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அந்தக் கணக்குப்படி 20 நொடி வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 30 நொடி தேவை. பல சந்திப்புகளில் நடப்பவருக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. சிலவற்றில் அவருக்கென்று தனிப் பச்சையே கிடையாது. கிடைக்கும் நொடிகளையும் 'ஃப்ரீ லெஃப்ட்' தின்றுவிடுகிறது. இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று அனுமதித்த பிறகு, அந்த மூலையில் நடப்பவருக்குப் பாதுகாப்பான நொடி என்று ஒன்று இருக்க முடியாது. இந்த ஏற்பாடுகளையெல்லாம் செய்தது நடப்பவர் அல்லர். அவற்றுக்குள் மாட்டிக்கொண்டு வழி தேடுவதை விதிமீறல் என்று அழைப்பது எளிது, நியாயம் ஆகாது.

தவறு இரு பக்கமும் உண்டு என்ற சமரச வாதம் மூன்றாவது. நடுநிலையின் தோற்றம் இருப்பதால் அதற்கு மதிப்பும் அதிகம். இரண்டு பேர் தவறு செய்தால் இரண்டு பேருக்கும் விளைவு ஒரே அளவில் இருந்தால் மட்டுமே அந்த நடுநிலை பொருந்தும். ஆயிரம் கிலோ எடையுள்ள காரும் அறுபது கிலோ எடையுள்ள மனிதரும் மோதினால் சேதம் ஒரு பக்கம்தான். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். நடந்து செல்பவரால் வண்டிக்குள் இருப்பவர் இறப்பது அரிதினும் அரிது. அதே அறிக்கை, அந்த ஆண்டின் மொத்தச் சாலை மரணங்களில் 71.2 விழுக்காட்டுக்கு அதிவேகத்தைக் காரணமாகக் காட்டுகிறது.

வேகம் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகும் என்றும், சாலை காய்ந்திருக்கிறது, பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்றும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் முழுதாக நின்றுவிடும். 60 கிலோமீட்டரில் வரும் கார் நிற்க 36 மீட்டருக்கு மேல் வேண்டும். இதில் நெஞ்சை உலுக்கும் செய்தி, முதல் கார் நின்றுவிட்ட அந்த 13 மீட்டர் புள்ளியில் இரண்டாவது காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பது. ஒரு நொடியில் அவர் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. 13 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், முதல் கார் அதன் அருகில் நிற்கும். இரண்டாவது கார் 60 கிலோமீட்டர் வேகம் குறையாமல் அதன் மேல் மோதும், 30இல் மோதுவதைப்போல நான்கு மடங்கு ஆற்றலோடு. குழந்தையின் தவறு இரண்டு சமயத்திலும் ஒன்றேதான். உயிரா மரணமா என்று தீர்மானித்தது காரின் வேகம். திடீரென்று குறுக்கே வந்துவிட்டார் என்ற வாக்குமூலத்தில், திடீர் என்ற சொல்லுக்கு அளவுகோல் எப்போதும் ஓட்டியவரின் வேகமே. நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே வரம்பாக வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு அறிவித்தது. இந்தியாவில் 2018இல் வெளியான மத்திய அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு அனுமதித்த உச்ச வேகம் 70.

ஓட்டுநர் தரப்பில் ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தான் மட்டும் நின்றால் பின்னால் வருபவர் இடித்துவிடுவார், அல்லது பக்கத்துத் தடத்தில் வருபவர் நிற்காமல் போய் நடப்பவரை அடித்துவிடுவார் என்பதே அது. இரண்டாவது அச்சம் முழுக்க உண்மையானது. நின்ற பேருந்து நடப்பவரை அடுத்த தடத்திலிருந்து மறைத்துவிடுகிறது. அவர் அதன் முகப்பைத் தாண்டி வெளியே வரும்போதுதான் அங்கே வரும் பைக்குக்குத் தெரிகிறார். பல தடங்கள் கொண்ட, நெரிசலான, நடுத்திட்டு இல்லாத சாலைகளில் வெறும் வெள்ளைக் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போனால், கோடே இல்லாத இடத்தைவிட விபத்து கூடலாம் என்று அமெரிக்க ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் இந்த மறுப்பு நடப்பவரைக் குற்றவாளியாக்கவில்லை. பெயின்ட் அடித்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணிய நிர்வாகத்தைத்தான் அது சுட்டுகிறது. சாலையை நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்தி அதன் மேல் கோடு இடுவது, நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு அமைப்பது, நிறுத்தக் கோட்டைக் கடக்குமிடத்துக்குச் சில மீட்டர் முன்னதாகவே போடுவது, இரவில் அந்த இடத்துக்கு மட்டும் தனி விளக்கு வைப்பது ஆகியவை அறிந்த, விலை குறைந்த தீர்வுகள். உயர்த்திய கடக்குமிடம் நல்ல ஓட்டுநரையும் கெட்ட ஓட்டுநரையும் ஒரே வேகத்துக்கு இறக்கிவிடும். பின்னால் வருபவரும் சேர்ந்தே குறைப்பார்.

இவ்வளவு எளிய வழிகள் இருக்க, எல்லா ஊர்களிலும் முதலில் கேட்கப்படுவதும் கட்டப்படுவதும் நடைமேம்பாலம். கீழே லாரி போவதற்கு 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு மீட்டர் ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் படி என்றால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது. எதிரே இருபது மீட்டர் தொலைவில் உள்ள மருந்துக் கடைக்குப் போய்வர நூற்றறுபது படிகள். கர்ப்பிணிக்கும், காய்கறிக் கூடையைத் தலையில் சுமப்பவருக்கும், ஊன்றுகோல் வைத்திருப்பவருக்கும் இது கடக்க முடியாத சாலை. லிஃப்ட் வைத்தால் தீரும் என்பார்கள். பூட்டிக் கிடக்கும் லிஃப்ட்டைப் பார்க்க அதிகத் தொலைவு போக வேண்டியதில்லை. இரவில் தனியாக அந்தப் பாலத்தில் ஏறத் தயங்கும் பெண்களுக்குத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நடைமேம்பாலம் நடப்பவருக்கான வசதி என்று திறப்பு விழாக்களில் சொல்லப்படுகிறது. அதனால் வசதி பெறுவது கீழே வேகம் குறைக்காமல் போகும் வாகனம்.

எல்லா உயரப் பாதைகளும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. தியாகராய நகரில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைபாதை மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ரயிலிலிருந்து இறங்கி ஏற்கெனவே படியேறி வருபவர்கள், நெரிசலான தெருவில் நுழையாமல் நேரே பேருந்துக்குப் போய்விடலாம். அங்கே உயரம் பயணத்தின் பகுதியாக இருக்கிறது, தண்டனையாக இல்லை. வேகமாக வண்டிகள் ஓடும் புறவழிச் சாலைகளிலும் தரைமட்டத்தில் கடக்கவிட முடியாது. ஊருக்குள் உள்ள சாலையை அந்தக் கணக்கில் சேர்ப்பதுதான் தவறு.

வண்டிகள் நின்று நின்று போனால் நகரமே முடங்கிவிடும் என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. நகரச் சாலையில் பயண நேரத்தைத் தின்பவை சந்திப்புகளும் தாறுமாறான பார்க்கிங்கும். கடப்பவருக்காக ஏழெட்டு நொடி நிற்கும் கார், அடுத்த சிவப்பு சிக்னலில் அதே வரிசையில்தான் போய்ச் சேர்கிறது.

கடைசி அரண், நம் மக்களுக்கு இதெல்லாம் வராது என்பது. தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் இந்த வாதம், உண்மை என்று எளிதில் நம்பப்படுவதால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகத் தீங்கு செய்கிறது. ஒழுங்குக்குப் பெயர் பெற்ற ஜப்பானில், சிக்னல் இல்லாத கடக்குமிடங்களில் நடப்பவருக்காக நின்ற ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்று அந்நாட்டின் ஜாஃப் என்னும் மோட்டார் கூட்டமைப்பு ஆண்டுதோறும் நேரில் பார்த்துக் கணக்கெடுக்கிறது. 2016இல் நின்றவர்கள் 7.6 விழுக்காடு மட்டுமே. நிற்க வேண்டும் என்ற சட்டம் அப்போதும் இருந்தது. மாகாணவாரியாக முடிவுகள் வெளியிடப்பட்டன. காவல் துறை கடக்குமிடங்களில் கண்காணிப்பைக் கூட்டியது. 2018இல் 0.9 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் இருந்த தொச்சிகி மாகாணம், வெட்கப்பட்டு முனைந்து, மறு ஆண்டே 13.2க்கு உயர்ந்தது. நாடு முழுமைக்கும் 2024இல் கிடைத்த அளவு 53 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மக்கள் மாறிவிடவில்லை. அவர்களின் காலடியில் இருந்த பிரேக்கின் பழக்கம் மாறியது.

அதைவிட அருகில் உள்ள சான்று இலங்கை. அங்கே தமிழில் மஞ்சள் கடவை என்று வழங்கும் கடக்குமிடத்தில் ஒருவர் கால் வைத்தால் வண்டிகள் நிற்பது பெரும்பாலும் நடைமுறை. தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் முதல் நாளே வியந்து சொல்லும் செய்தி அது. ஓடுவது சென்னையில் ஓடும் அதே பஜாஜ் ஆட்டோக்களும் அசோக் லேலண்ட் பேருந்துகளும். துபாயில் டாக்ஸியும் வேனும் ஓட்டும் தமிழர்களும் கடக்குமிடத்தில் நின்றாக வேண்டும். வழிவிடாவிட்டால் 500 திர்ஹம் அபராதமும் உரிமத்தில் ஆறு கரும்புள்ளிகளும் விழும். அங்கே தவறான இடத்தில் கடப்பவருக்கும் அபராதம் உண்டு; அந்நாட்டுச் சட்டத்தை முன்மாதிரியாக இங்கே காட்டவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்து காரை எடுக்கும் அதே மனிதர் இங்கே ஏன் நிற்பதில்லை என்பதற்கு இனமும் குணமும் விடையாக முடியாது என்பதே இதில் தெரிவது.

எனவே மிஞ்சுவது அரசின் கடமை. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது அந்தக் கொள்கை. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்தப் பாதையில் ஒரு நல்ல அடி. வண்டித் தடம் குறுகி நடைபாதை விரிந்த அந்தச் சாலையில், கடப்பதற்கு யாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த அனுபவம் வியாசர்பாடிக்கும் பல்லாவரத்துக்கும் கடைத்தெருக்கள் உள்ள எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர வேண்டியதாக இருக்கிறது.

சட்டத்திலும் கதவு திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நடப்பவர்களையும் மோட்டார் இல்லா வண்டிகளையும் குறித்து மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்று 138(1ஏ) பிரிவில் சேர்த்தது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதை மாநிலங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதத்தில் அந்த நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், 138(1ஏ) பிரிவின் கீழான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அந்த விதிகள் நடப்பவரை எங்கெங்கே தடுப்பது என்ற பட்டியலாக எழுதப்பட்டால், அமெரிக்கா நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த பிழையைத் தமிழ்நாடு இப்போது செய்ததாகும். கடக்குமிடத்தில் நிற்காத வண்டிக்கு என்ன தண்டனை, எத்தனை மீட்டருக்கு ஒரு கடக்குமிடம், எத்தனை நொடி பச்சை, ஃப்ரீ லெஃப்ட் எங்கெங்கே நீக்கப்பட வேண்டும் என்பவை அவற்றில் இடம்பெற வேண்டும்.

2019 திருத்தத்தில் வந்த இன்னொரு பிரிவு 198ஏ. சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ வகுக்கப்பட்ட தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. நடந்தவரின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கக் கேட்பது, விபத்து வழக்குகளில் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக வைக்கும் வாதம். அழிந்துபோன கோடும் எரியாத விளக்கும் அந்த வாதத்துக்கு எதிரே அதே நீதிமன்றத்தில் வைக்கப்பட வேண்டிய சான்றுகள். சென்னை ஐஐடி உருவாக்கி இன்று காவல் துறையினர் விபத்து நடந்த இடத்திலேயே விவரங்களைப் பதியும் ஐராட் தரவுத்தளத்தில் நெடுஞ்சாலைத் துறைக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அந்தச் சான்றுகள் முதலில் எழுதப்பட வேண்டிய இடம் அது.